தடைக்காலத்தில் வந்த குடித்தனக்காரர்கள்

எங்கள் அப்பா ராயபுரத்தில் ஐஸ் பேக்டரி நடத்தினார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவின் கடைசியில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. மிஷின்களை விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது தடித்த சுவர்கள், உள்ளே வரிசையாக அறைகள், முன்னால் லாரி வந்து திரும்பும் அளவுக்கு ஒரு மைதானம். சொத்து மூன்று பேர் பெயரில் இருக்கிறது. அக்கா, நான், தம்பி. பங்கு மூவருக்கும் சமம் என்றாலும் யோசனை வருவது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்தான். நான் திருவொற்றியூரில் குடியிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் காகித வேலை. யார் என்ன சொன்னார்கள், எதற்குப் பிறகு எது நடந்தது என்பதை அன்றன்றே எழுதிவைப்பது பழக்கம் என்பதால், வீட்டுச் சண்டைகளில் இரு தரப்பும் என்னைச் சாட்சிக்கு அழைப்பார்கள்.

தம்பியின் யோசனை நேரானது. அவன் எர்ணாவூரில் லாரி புக்கிங் அலுவலகம் வைத்திருக்கிறான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரைலர்களுக்கு நிற்க இடமில்லாமல் சாலையோரம் முழுக்க நின்றுகொண்டிருக்கின்றன. கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினால் டிரைலர் நிறுத்த விடலாம். வாடகை தானாக வரும்.

அக்காவின் யோசனை கொச்சியிலிருந்து வந்தது. மகளோடு அங்கே போய் வந்தவள், வந்த அன்றைக்கே எனக்கு போன் செய்தாள்.

"இன்னாடி சொல்றது, மிளகு மூட்டை போட்டு வெச்ச எடம். நம்ம பேக்டரில பாதி கூட இல்ல. அதுல படத்த மாட்டிகினு காப்பி விக்கிறான். ரூம்பு ரூம்பா படம் வரையறவன், பாட்டு பாடறவன், பொம்மை பண்றவன். வாடகை கம்மியாம். தெருவே புதுசா கீது."

"காப்பி நல்லா இருந்துச்சா?"

"தண்ணி. ஆனா இன்னா கூட்டம்!"

அக்கா பேக்டரிக்குப் பின்னாலிருக்கும் வீட்டில்தான் இருக்கிறாள். அப்பாவுக்குப் பிறகு கடைசி சில வருடங்கள் ஐஸ் பாரை எண்ணி ஏற்றியதும், மின்சாரம் போனால் கத்தியதும் அவள்தான். மிஷினை லாரியில் ஏற்றிய அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தட்டு கழுவாமல் காய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன், அவ்வளவுதான். டிரைலர் வந்தால் அவள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே டயர்தான் தெரியும்.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். தம்பி சிரித்தான்.

"யாருக்கா இங்க வந்து படம் பாப்பான்? மீன் வாங்க வர்றவன் ஐஸ் உருகறதுக்குள்ள வூட்டுக்கு ஓடுவான்."

"ரூம்ப சும்மாதானே பூட்டி வெச்சிகீறோம். கம்மி வாடகைக்கு உட்டா கொறஞ்சா பூடும்?"

கடைசியில் தம்பி ஒரு நிபந்தனை வைத்தான். "சரி, திறப்பு விழான்னு ஒண்ணு வைப்பல்ல? அன்னிக்கு இந்த மைதானம் ரொம்பணும். உம் பொண்ணோட பிரெண்ட்ஸு கார்ல வந்து எறங்கறது கணக்குல சேராது. நம்ம ஊர் ஜனம் வரணும். வந்துச்சுன்னா நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன். வரலன்னா டிரைலர். சின்னக்கா, நீதான் சாட்சி."

அக்கா ஒப்புக்கொண்டாள். ஊர் ஜனத்தை மைதானத்துக்கு வரவைப்பது பெரிய வேலையா என்ன என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அக்காவின் மகள் போனில் விளம்பரம் போட்டாள். ஏப்ரல் நடுவில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். அது தடைக்காலம் தொடங்கிய நேரம். மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஜூன் நடுவரை அவை துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். லாரி வராது. பக்கத்துத் தெருவில் இன்னும் ஓடுகிற ஐஸ் பேக்டரியின் உடைக்கும் மிஷின் வாயை மூடிக்கொண்டிருக்கும். நாற்றம் கூடப் பாதிதான். எங்கள் ஊர் வருடத்தில் அந்த இரண்டு மாதம் மட்டும் சப்தமில்லாமல் இருக்கும். வந்தவர்கள் பார்த்தது அந்த ஊரை.

நாடகக்காரர் ஒருவர் அடையாறு பக்கத்திலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். மைதானத்தின் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சிழுத்தார். "மேடம், இந்த அமைதிக்கே நீங்க தனியா வாடகை வாங்கலாம்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். அந்த அமைதி ஜூன் வரைக்கும்தான் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் நான் கேட்டபோது, "கேட்டா சொல்லியிருப்பேன். கேக்கலியே" என்றாள்.

மரப்பலகையில் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் ஒரு இளம்பெண் வந்தாள். ஐஸ் அறையின் கனமான கதவைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த அறைதான் வேண்டும் என்றாள். இசைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இவ்வளவு சப்தமில்லாத இடம் சென்னையிலேயே கிடையாது என்று சொல்லி, இருந்த கொஞ்சநஞ்ச சப்தத்தையும் தடுக்க முட்டை அட்டைகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். ஒட்டி முடிக்கவே பல நாள் ஆனது. தெருவில் யார் வீட்டிலும் அவ்வளவு முட்டை பார்த்ததில்லை என்பதால் அவர்களுக்கு முட்டைக்கார தம்பிங்க என்று பெயர் வந்தது.

தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்குப் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் வலை தைப்பதும்தான் வேலை. எங்கள் ஊரில் விசைப்படகை லாஞ்ச் என்பார்கள். அதை ஓட்டுகிறவர் டிரைவர். வலையை விரித்துப்போட இடம் வேண்டும் என்று கேட்டு ஒரு டிரைவரும் அவருடைய ஆட்களும் மைதானத்துக்கு வந்தார்கள். எட்டுப் பேர். அக்கா சரி என்றாள். நாடகக்காரர் அவர்கள் வலை இழுப்பதை முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதற்கு மறுநாள் டீ வாங்கிக் கொடுத்தார். வாரக் கடைசியில் நான் போனபோது எட்டுப் பேரும் அவருடைய நாடகத்தில் இருந்தார்கள்.

கதை முதலில் வேறாக இருந்தது. புயலில் படகு கவிழ்ந்து டிரைவர் மூழ்கிச் சாவதாக எழுதி வைத்திருந்தார். டிரைவர் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சார், கடல்ல சாவற மாரி நடிக்க மாட்டோம். வூட்டுப் பொம்பளைங்க பாத்துகினு கீறாங்க. ஒனக்கு யாராச்சும் சாவணும்னா லாரில அடிபட்டு சாவறேன்."

"படகுல எப்படி லாரி வரும்?"

"அப்ப சாவு வாணாம், உட்டுடு."

அந்த மரணத்தை எடுத்ததும் நாடகத்தில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு அவர்களே பேசிப் பேசி ஒரு கதை வந்தது. கடலில் தங்கியிருக்கும் ஒரு லாஞ்சில் வஞ்சிரக் குழம்பு வைக்கிறார்கள். மீன் தலையைக் காணோம். யார் தின்றது? அவ்வளவுதான். யார் தின்றதாக வைப்பது என்பதில் சிக்கல் வந்தது. ஒருவரும் திருடனாக நடிக்க ஒப்பவில்லை. வேலி ஓரம் மனைவிமார்கள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது காரணம். கடைசிவரை தலையைத் தின்றவன் யார் என்றே தெரியாமல் நாடகம் முடிவதாக ஆயிற்று. இது மிக நவீனமான முடிவு என்று நாடகக்காரர் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஒத்திகை என்று ஆரம்பித்தது தெருவுக்கே பொழுதுபோக்காகிவிட்டது. டிரைவரின் மனைவி மார்க்கெட்டில் மீன் விற்பவள். தடைக்காலத்தில் மீன் குறைவு என்பதால் சீக்கிரம் வந்துவிடுவாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "வூட்ல ஒரு வார்த்தை பேசாத ஆளு, இங்க பாரு, வாய் இன்னா நீட்டு நீளுது!" என்பாள். டிரைவர் வசனத்தை மறந்தால் அவள் எடுத்துக்கொடுப்பாள். எடுத்துக்கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். கோபத்தில் மீதி வசனமும் மறந்துபோகும்.

மே கடைசியில் நாடகக்காரர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். தடை முடிந்து வருகிற முதல் சனிக்கிழமை மாலை. "காலையில கடலுக்குப் போயிட்டு சாயங்காலம் நேரா மேடைக்கு வருவாங்க. அந்தக் கடல் வாசனையோட நடிப்பாங்க" என்று அச்செடுக்கும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அவள் அழகாக ஒரு மீன் தலையைச் செதுக்கி, கீழே நாளும் நேரமும் போட்டு, சிவப்பு மையில் அச்செடுத்துத் தெருச் சுவர்களில் ஒட்டிவிட்டாள்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. தடைக்காலத்தில் சின்ன பைபர் படகுகள் மட்டும் கடலுக்குப் போகலாம். அவை விடியுமுன் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். வந்ததிலிருந்து அவர் பார்த்தது அந்தப் படகுகளைத்தான். லாஞ்ச் போனால் ஒரு வாரமோ பத்து நாளோ கடலிலேயே தங்கித்தான் திரும்பும் என்பது அவருக்குத் தெரியாது. நாடகமே கடலில் தங்கியிருக்கும் லாஞ்சில்தான் நடக்கிறது என்பதையும், அதற்கு அவர்தான் வசனம் எழுதினார் என்பதையும் நான் பிறகு மெதுவாகச் சுட்டிக்காட்டினேன். "நான் அதை ஒரு குறியீடா எடுத்துக்கிட்டேன்" என்றார்.

எங்களில் ஒருவரும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். தடை முடிந்த முதல் நடைதான் வருடத்திலேயே பெரிய மீன்பாடு. அதற்கு எந்த லாஞ்சும் கரையில் நிற்காது. ராயபுரத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியாதவர் ஒருவர் இருப்பார் என்று தோன்றவே இல்லை. நாளைப் பார்த்த நாங்கள், அவர்தான் அந்த ஆட்களோடு எல்லாம் பேசி வைத்திருப்பார் என்று நினைத்தோம். ஆட்கள் நினைத்தது வேறு. அது பிறகுதான் தெரிந்தது.

தடை முடிந்தது. லாஞ்சுகள் போய்விட்டன. துறைமுகம் காலியானாலும் தெருவுக்கு உயிர் வந்துவிட்டது. ஐஸ் உடைக்கும் மிஷின் விடியுமுன் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. முட்டைக்கார தம்பிகள் முதல் நாள் அது இடி என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் அக்காவிடம் வந்து, இது எப்போது முடியும் என்று கேட்டார்கள்.

"அடுத்த ஏப்ரல்ல" என்றாள் அக்கா.

அவர்கள் அந்த வாரமே கிளம்பிவிட்டார்கள். முட்டை அட்டைகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. பிய்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வருகிறது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, நாடகக்காரர் கடைசி ஒத்திகைக்காக டிரைவரைத் தேடினார். எட்டுப் பேரில் ஒருவரும் வரவில்லை. தடை முடிந்ததிலிருந்தே வராததை வேலை மும்முரம் என்று அவர் விட்டிருந்தார். அன்று எனக்கு அரைநாள் விடுப்பு. அக்காவும் நானும் அவரை அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனோம். டிரைவரின் மனைவி கூறு போட்டு வைத்த மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டிரைவர் எங்கம்மா?" என்றார் நாடகக்காரர்.

"லாஞ்சில."

"சாயங்காலம் வந்துடுவாரா?"

"எந்த சாயங்காலம்?" என்று கேட்டுவிட்டு அவள் அக்காவைப் பார்த்தாள். "இன்னா ஐஸ்காரம்மா, இந்த ஆளு டபாய்க்கிறாரா, நெசமாவே தெரியாதா?"

தெரியாது என்று அக்கா சொன்னாள். நாளைக்கு நாடகம் என்று நாடகக்காரர் முனகினார்.

"அதான் ஊரெல்லாம் ஒட்டி வெச்சிகீறியே. எங்க ஆளுங்க இல்லாத நாளா பாத்து போட்டுகினே. ரெண்டு மாசம் வெயில்ல நிக்க வெச்சி, டூப்பு மாரி நடக்க உட்டு, பாத்துகினு, கடசீல பெரிய ஆக்டருங்கள கூட்டியாந்து நடத்தப் போற. எங்க வூட்டு ஆளு அந்த காயிதத்த செவுத்துல பாத்துட்டு வந்து ஒண்ணும் பேசல. சோறு கூட துன்னல. 'நம்மள வெச்சி டிரையல் பாத்துகீறாங்க'ன்னு ஒத்த வார்த்த. அவ்ளோதான்."

அவர்கள் நினைத்தது அதுதான். தங்களை வைத்துப் பழகிப் பார்த்துவிட்டு உண்மையான நடிகர்களை வைத்து நடத்தப்போகிறார்கள் என்று. கேட்பது மரியாதைக் குறைவு என்று கேட்காமல் கடலுக்குப் போய்விட்டார்கள்.

"வேற ஆளுங்க யாரும் இல்லம்மா. அவங்கதான். எனக்கு லாஞ்ச் தங்கும்னே தெரியாது" என்றார் நாடகக்காரர். பக்கத்துக் கடைப் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தெரியாதா?" என்றாள் ஒருத்தி. "அப்ப வசனம் எய்தனது யாரு?"

"அவருதான்" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு கடை கடையாகப் போனது.

அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் மைதானம் காலியாக இருக்கும், தம்பி வந்து பார்ப்பான் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. நாளைத் தள்ளிவைக்கலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான் என்றாள். "சொன்ன நாள் சொன்ன நாள்தான்னுவான். ஒன்ன வேற சாட்சியா வெச்சிகீறான்."

நாடகக்காரர் மீன் தண்ணீரில் நின்றுகொண்டு, "நான் நடிக்கிறேன்" என்றார்.

"யாரு, நீயா?" என்றாள் டிரைவரின் மனைவி.

"ஆமா."

"எட்டு பேரையுமா?"

"எட்டு பேரையும்."

அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஜிப்பா, கண்ணாடி, நனைந்த செருப்பு. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "எங்க வூட்டு ஆளா இவுரு நடிக்கப் போறாராம்டீ!" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். எந்த விளம்பரமும் அவ்வளவு வேகமாகப் பரவி நான் கண்டதில்லை. நாங்கள் மார்க்கெட்டை விட்டு வெளியே வருவதற்குள் வாசல் பூக்காரி கேட்டாள், "நாளைக்கி எத்தினி மணிக்கி?"

சனிக்கிழமை மாலை மைதானத்தில் அக்கா நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தாள். அது வேண்டாத வேலை. ஜனங்கள் அவரவர் நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்து, அவரவர் விருப்பத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். எட்டுப் பேரின் வீட்டாரும் முன்வரிசையில். மதில்மேல் பையன்கள். அடையாறு பக்கத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு முட்டைக்கார தம்பிகளின் அறைப்பக்கம் ஓரமாக நிற்கத்தான் இடம் கிடைத்தது.

தம்பி எனக்கு போன் செய்தான். "சின்னக்கா, தெருவுக்குள்ள காரே போவ மாட்டேங்குது. ஏதாச்சும் டிரைலர் மாட்டிகினு கீதா?"

"டிரைலர் இல்ல. ஜனம். அங்கயே நிறுத்திட்டு நடந்து வா."

கார் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "எவ்ளோ ஜனம்?" என்றான்.

நாடகக்காரர் தோளில் எட்டுத் துண்டுகளோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு. தலையில் கட்டினால் ஒருவர், இடுப்பில் கட்டினால் இன்னொருவர். முதலில் டிரைவர். நடந்து வந்து நின்று, "குழம்புல தலைய காணோம்!" என்றார்.

"அவுரு அப்டியா நடப்பாரு?" என்றது முன்வரிசை. டிரைவரின் மனைவி எழுந்துவிட்டாள். "கால அகட்டி வெய்யி. லாஞ்சில நின்னு நின்னு கரையிலயும் ஆடிகினேதான் நடப்பாரு. இன்னும் அகட்டு. ஆங். இப்ப மூக்க உறிஞ்சு."

"வசனத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார் நாடகக்காரர், உண்மையான அக்கறையோடு.

"முன்னாடியும், பின்னாடியும்."

மைதானம் வெடித்தது. அதற்குப் பிறகு நாடகம் அவர் கையில் இல்லை. சமையல்காரராக வந்தால் சமையல்காரரின் தங்கை, "எங்கண்ணன் இடது கைக்காரன்!" என்பாள். கரண்டி கை மாறும். ஒருவர் திக்கித் திக்கிப் பேசுவதை அவர் செய்து காட்டியபோது மட்டும் அந்த ஆளின் அம்மா, "அத்த செய்யாத, நைனா" என்றாள். அவர் உடனே விட்டுவிட்டார். தானே தன்னைக் குற்றம் சாட்டி, துண்டை மாற்றி, தானே மறுத்து, மறுபடி துண்டை மாற்றி, தானே தன் சட்டையைப் பிடித்து அவர் மைதானத்தில் உருண்டார். வியர்வையில் கண்ணாடி வழுக்கி விழுந்தது.

கடைசிப் பகுதியில் டிரைவர் மறுபடி வருகிறார். நாடகக்காரர் காலை அகட்டிவைத்து, கொஞ்சம் ஆடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தார். அந்த நடை இப்போது சரியாக இருந்தது. டிரைவரின் சின்ன மகள் அம்மா மடியிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசை சில நொடிகளுக்குச் சிரிப்பதை நிறுத்தியிருந்தது. டிரைவரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் தாழ்ந்துவிட்டாலும் புழுக்கம்தான்.

"தலைய யாரு துன்னது?" என்று நாடகக்காரர் எட்டுத் துண்டுகளையும் கீழே போட்டுவிட்டுக் கேட்டார். அவருடைய நவீன முடிவுப்படி அதற்குப் பிறகு அமைதி வர வேண்டும்.

"பூனை!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் சொல்லிவிட்டார். அவர் அந்த இரண்டு மாதமும் அதைச் சொல்லக் காத்திருந்ததாகப் பிறகு தெரிந்தது.

தம்பி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் முழுவதையும் பார்த்தான். உள்ளே வர வழியில்லை. ஜனம் கலைந்த பிறகு அக்காவிடம் வந்தான். சொன்ன சொல்லை மாற்ற மாட்டான், ஆனால் அதன் விளிம்பைக் கொஞ்சம் கடித்துப் பார்ப்பான்.

"கட்டடம் ஒனக்கு, சரி. மைதானத்துல பாதி எனக்குக் குடு. நாலு டிரைலர் நிக்கும்."

"இன்னா சொன்னாலும் கேக்கறேன்னியேடா!"

"கேக்கறேன். மைதானத்துல பாதின்னு சொல்லு, கேக்கறேன்."

அக்கா திட்டினாள். தம்பி சிரித்துக்கொண்டே திட்டு வாங்கினான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நிபந்தனையில் கட்டடம் என்றோ மைதானம் என்றோ யாரும் பிரித்துச் சொல்லவில்லை என்று நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. கட்டடத்தை ஒட்டிய பாதி அக்காவுக்கு, சாலைப் பக்கப் பாதி டிரைலருக்கு என்று முடிந்தது. அக்காவின் ஜன்னலுக்கு வெளியே டயர் வராது. முட்டைக்கார தம்பிகள் விட்ட அறைக்கு, சப்தம் ஒரு பொருட்டில்லை என்று சொல்லி இரும்பை வெட்டிச் சிற்பம் செய்யும் ஒருவர் வந்தார். இப்போது ஐஸ் மிஷின்காரர்கள் எங்களைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள்.

லாஞ்ச் திரும்பிய மறுநாள் டிரைவர் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு. கூட அந்த ஏழு பேர், அவர்களுக்குப் பின்னால் வீட்டுப் பெண்கள். நல்ல மீன்பாடு என்று அவர்கள் முகமே சொன்னது. நாடகக்காரர் அறையிலிருந்து ஓடிவந்தார். நாள் குறித்ததில் தான் செய்த தவறைப் பற்றி நீளமாக ஆரம்பித்தார்.

டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அத்தெல்லாம் வூட்ல சொல்லிட்டா. என்ன மாரி நடந்து காட்டனியாமே. ஊரே சிரிக்கிது. நட, பாக்கலாம்."

"இப்பவா?"

"பின்ன, அடுத்த தடைக்கா? நட மாமு."

அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு டிரைலர் வந்து ஹாரன் அடித்தது. தம்பிக்கு வந்த முதல் வண்டி அது. மைதானத்தில் இத்தனை பேர் நின்றால் அது திரும்ப முடியாது. அக்கா கேட்டுக்குப் போனாள். கதவை மூடி, தாழ்ப்பாளைப் போட்டாள்.

"கொஞ்ச நேரம் நில்லுப்பா. வரிசையில நிக்கிறது ஒனக்கு புச்சா?"

டிரைலரை ஓட்டிவந்தவர் நாமக்கல் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. "ஏனுங்க, உள்ளார என்னங்க நடக்குது?" என்று கேட்டார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கம்பிக்கு இடையில் முகத்தை வைத்துக்கொண்டார். நாடகக்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து டிரைவரை நோக்கி ஆடியபடி நடந்து வந்தார். டிரைவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகக்காரர் பாதி வழி வந்தபோது டிரைவர் தனக்கே தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.